புள்ளி தெரிந்தால் போதும்

‘உன் கைப்பேசியில் எத்தனை மெகாபிக்ஸல்?’ என்பது மாணவர் விடுதிகளில் இன்று அடிக்கடி எழும் கேள்வி. பன்னிரண்டு என்பான் ஒருவன். ஐம்பது என்பான் மற்றொருவன். நூற்றெட்டு என்று மார்தட்டுவான் மூன்றாமவன். இருநூறு என்பவன் முன்னே மூவரும் வாயடைத்து நிற்பர். தனிக் காமிரா வைத்திருப்போர் வழக்கு இதனினும் பெரிது. ‘என் லென்ஸ் மூலைமுடுக்கெல்லாம் கூர்மை’ என்று ஒருவர் கூற, ‘என் லென்ஸின் விலை தெரியுமா?’ என்று மற்றவர் கேட்பார்.

இவ்வழக்கில் எழாத கேள்வி ஒன்று உண்டு. எடுக்கப்படும் படம் எதற்காக? அதைப் பார்ப்பவர் எவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கப் போகிறார்? இதற்கு விடை கண்டால், எவ்வளவு கூர்மை வேண்டும் என்பதற்கும் விடை கிடைத்துவிடும். அளவுகோலும் வெளியே தேட வேண்டியதில்லை. நம் தமிழெழுத்தின் தலைமேல் அமர்ந்திருக்கும் புள்ளியே போதுமானது. அஃது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கோலமும் காமிராவும்

கூர்மை என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு பொருள்கள் அடங்கியுள்ளன. ஒன்று, லென்ஸின் கூர்மை. மற்றொன்று, ஒளியை ஏற்றுப் பதிவு செய்யும் சென்சாரின் நுண்மை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் குழப்பம் விளைகிறது.

மார்கழி மாதத்து விடியற்காலையில் மாதுங்காவின் தெருக்களில் நடந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். வாசலில் முதலில் புள்ளி வைக்கிறார்கள். பிறகு மாவால் இழை இழுக்கிறார்கள். ஐந்து புள்ளிக் கோலத்தில் ஒரு தாமரை அடங்கும். மயிலும் தேரும் வேண்டுமானால் இருபது புள்ளியேனும் வேண்டும். சென்சாரிலுள்ள படப்புள்ளிகள், அதாவது பிக்ஸல்கள், கோலப்புள்ளிகளைப் போன்றவை. லென்ஸ், இழை இழுக்கும் விரல் போன்றது. விரலிடையே மாவு தடிப்பாக வழிந்தால், புள்ளி நாற்பது வைத்தும் பயன் என்ன? மயிலின் தோகை மாவுத் திட்டாகவே முடியும். அவ்வாறே, விரல் நுண்மையாக இழுத்தாலும் புள்ளி ஐந்தே என்றால் மயிலுக்கு இடமில்லை. இரண்டில் எது குறைவோ அதுவே படத்தின் எல்லை.

புள்ளிக் கணக்கில் மேலும் ஒன்று உண்டு. கறுப்புக் கோடும் வெள்ளை இடைவெளியும் தனித்தனியே பதிய வேண்டுமானால், கோட்டுக்கு ஒன்றும் இடைவெளிக்கு ஒன்றுமாக இரண்டு படப்புள்ளிகளாவது வேண்டும். நடைமுறையில் இதுவும் போதாது. பெரும்பாலான சென்சார்களில் ஒவ்வொரு படப்புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றில் ஒரு நிறத்தையே அளக்கிறது. மற்ற இரண்டையும் அண்டை வீட்டாரிடம் கேட்டுக் கணக்கிட்டு நிரப்பிக்கொள்கிறது. கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் 1970-களில் வகுத்த முறை இது. இன்றுவரை பெருவழக்காக நிலவுகிறது. எனவே, ஒரு நுண்பொருள் ஐயமின்றித் தெரிய மூன்று படப்புள்ளி அகலமேனும் அதற்கு வேண்டும் என்று கொள்வது பாதுகாப்பான கணக்கு.

கண் கேட்கும் அளவு

படத்தைப் பார்ப்பது கண். கண்ணுக்கும் எல்லை உண்டு. நல்ல பார்வையுடைய ஒருவரால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்தறிய முடியும். கையில் ஏடு பிடித்துப் படிக்கும் தொலைவில் இது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அச்சகத்தார் அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்பதன் காரணம் இதுவே.

இதே கணக்கைத் தெருவுக்குக் கொண்டுவருவோம். பத்து மீட்டர் தொலைவில் நிற்கும் கண்ணால் மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்தறிய இயலாது. பொங்கல் விழாவுக்காகத் தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் ஆறு மீட்டர் அகலத்தில் ஒரு விளம்பரத் தட்டி வைக்கிறார்கள் என்று கொள்வோம். சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து பார்ப்பவர்க்கு அதன் அகலத்தில் 2000 புள்ளிகள் இருந்தால் போதும். மொத்தத்தில் மூன்று மெகாபிக்ஸல்கூட ஆகாது! ‘பெரிய தட்டிக்குப் பெரிய காமிரா’ என்ற எண்ணம் எவ்வளவு தவறு பாருங்கள். அளவு பெரிதானால் பார்ப்பவர் விலகி நிற்கிறார். விலகி நின்றால் தேவை குறைகிறது.

கூர்மையே தேவைப்படாத படங்களும் உள்ளன. 1944 ஜூன் 6 அன்று, நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய படைவீரர்களை ராபர்ட் காப்பா எடுத்த படங்கள் கலங்கியும் நடுங்கியும் இருக்கின்றன. அந்நடுக்கத்தாலேயே அக்காலையின் அச்சம் நம்மை வந்து தொடுகிறது. முகப்படம் எடுத்த பழைய ஸ்டூடியோக்காரர்களோ, கூர்மை மிகுந்த நெகட்டிவின் மேல் பென்சிலால் தீட்டி, முகத்துச் சுருக்கங்களை மறைத்தே வாடிக்கையாளரிடம் கொடுத்தார்கள். கூர்மையைக் குறைப்பதற்கென்றே ஒரு கைத்தொழில் இருந்ததென்றால் வியப்பன்றோ!

அப்படியானால் கூர்மை வீண் ஆடம்பரந்தானா? அன்று. எழுத்தைப் படமெடுக்கும்போது அதன் முழுத் தேவையும் விளங்கும்.

தஞ்சைச் சுவரில் ஒரு பாடம்

புகைப்படக்கலை 1839-இல் உலகறிய வெளிவந்தது. பதினைந்தே ஆண்டுகளில், 1854-இல், பம்பாயில் ஒரு புகைப்படக் கழகம் தோன்றிவிட்டது. தெற்கே சென்னை மாகாண அரசு, லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரியை 1856-இல் தன் புகைப்படக்காரராக அமர்த்திக்கொண்டது. அவர் 1857-இன் இறுதியிலும் 1858-இன் தொடக்கத்திலும் திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை முதலிய ஊர்களைச் சுற்றிவந்து படமெடுத்தார். மெழுகு பூசிய காகிதமே அவருடைய பிலிம். ஒவ்வொரு தாளும் ஏறக்குறைய பதினைந்து அங்குல நீளமும் பன்னிரண்டு அங்குல அகலமும் கொண்டது.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் வரிவரியாக ஓடுகின்றன. இவ்வெழுத்தைப் படமாக்க டிரைப் விரும்பினார். தொலைவில் நின்று சுவர் முழுதும் ஒரே படத்தில் அடங்குமாறு எடுத்திருக்கலாம். ஆனால் எழுத்துகள் எறும்புச் சாரையாகியிருக்கும். காகிதத்தின் நாரிழைகளும் நுண்மையை ஓரளவு விழுங்கிவிடும். ஆதலின் அவர் சுவரை நெருங்கி நின்றார். பகுதி பகுதியாக எடுத்தார். இருபத்தொரு படங்களை ஒட்டிச் சேர்த்தபோது, ஏறத்தாழ பத்தொன்பது அடி நீளமுள்ள ஒரே படச்சுருள் உருவாயிற்று.

இன்று நாம் மறந்துவிட்ட பாடம் இதில் இருக்கிறது. கருவியின் நுண்மை போதாதபோது அவர் கருவியை நோகவில்லை, பொருளை நெருங்கினார். நெருங்கி நிற்பது எந்தக் காலத்திலும் காசு கேட்காத மெகாபிக்ஸல்.

இவ்வரிய பணியை அரசு நெடுநாள் ஆதரிக்கவில்லை. வீண் செலவு என்று கருதி, ஆளுநர் டிரெவெலியன் அதை நிறுத்திவிட்டார். பிற்காலக் கல்வெட்டறிஞர்கள் கல்லின் மேல் ஈரத்தாளை ஒற்றித் தட்டி, மை தடவி, மைப்படி எடுக்கும் முறையைப் பெரிதும் கையாண்டார்கள். எழுத்து கல்லில் எந்த அளவோ அதே அளவில் தாளில் பதியும் முறை அது.

கல்வெட்டைப் படமெடுப்போர் அறிந்த மற்றோர் உண்மையும் உண்டு. உச்சிவெயிலில், நேர் வெளிச்சத்தில் எழுத்து மறைந்துவிடும். காலையிலோ மாலையிலோ சாய்ந்து விழும் பக்கவெளிச்சத்தில் ஒவ்வொரு வெட்டும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். அதே லென்ஸ், அதே சென்சார், அதே கல். மாறியது வெளிச்சம் ஒன்றே. ஒளி சொல்லாததை எந்தச் சென்சாரும் சொல்லாது.

ஒரு தாள், மூன்று படங்கள்

இனி, நம் புள்ளிக்கு வருவோம். ‘பல்’ என்பதற்கும் ‘பல’ என்பதற்கும் இடையே உள்ளது ஒரு புள்ளி. ஓலைச்சுவடிகளிலும் பல கல்வெட்டுகளிலும் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. படிப்பவரே இடமறிந்து இட்டுக்கொண்டார். அச்சுத்தாளில் புள்ளி உண்டு. படத்தில் அதைத் தொலைத்தால் நாம் மீண்டும் ஓலைச்சுவடிக் காலத்துக்குப் போய்விடுவோம்! மராத்தி ஆவணங்களிலும் எழுத்தின் தலைமேல் வரும் புள்ளி ஒலியை மாற்றும் என்பதை இந்நகரில் வாழும் நாம் அறிவோம்.

சாதாரண அச்சுத்தாள் ஒன்றில் புள்ளியின் குறுக்களவை நான் பெருக்கிக் கண்ணாடியும் அளவுகோலும் கொண்டு அளந்தேன். ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் இருந்தது. மூன்று படப்புள்ளி விதிப்படி, தாளின் ஒரு மில்லிமீட்டருக்குப் பத்துப் படப்புள்ளி வேண்டும். தாள் 297 மில்லிமீட்டர் நீளமும் 210 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஏ4 தாள். எனவே 2970-ஐ 2100-ஆல் பெருக்குக. ஏறத்தாழ ஆறேகால் மெகாபிக்ஸல் வருகிறது. தேவை அவ்வளவே.

இதைச் சோதித்தறியும் பொருட்டு, செம்பூரில் என் அறையிலேயே அத்தாளை மூன்று முறை எடுத்தேன். முதலாவது, பழைய ஆறு மெகாபிக்ஸல் காமிரா. முக்காலியில் நிறுத்தி, பகலில், சன்னலோர வெளிச்சத்தில். இரண்டாவது, பன்னிரண்டு மெகாபிக்ஸல் கைப்பேசி. அதே சன்னலோரத்தில், கையை மேசையில் ஊன்றி. மூன்றாவது, ஐம்பது மெகாபிக்ஸல் கைப்பேசி. இரவில், குழல்விளக்கின் கீழ், கையை ஊன்றாமல்.

முதல் இரண்டிலும் புள்ளிகள் தெரிந்தன. மூன்றாவதில் புள்ளிகள் சிறு கோடுகளாக இழுபட்டிருந்தன. காரணம் எளிது. வெளிச்சம் குறைந்தபோது கைப்பேசி அதிக நேரம் ஒளியை வாங்குகிறது. அதற்குள் கை அசைகிறது. படம் தாளின் மேல் அரை மில்லிமீட்டர் நகர்ந்தால், 0.3 மில்லிமீட்டர்ப் புள்ளி பிழைக்குமா? பன்னிரண்டு மெகாபிக்ஸலில் அந்நகர்வு ஏறக்குறைய ஏழு படப்புள்ளி. ஐம்பது மெகாபிக்ஸலில் ஏறக்குறைய பதினான்கு. படப்புள்ளி கூடியதால் கலக்கம் குறையவில்லை. கலக்கம் மேலும் நுட்பமாகப் பதிவாயிற்று, அவ்வளவே!

ஒளியே இடும் வேலி

‘கை நடுங்காது, லென்ஸும் உயர்ந்தது, அப்போதேனும் இருநூறு மெகாபிக்ஸல் பயன் தருமா?’ என்று ஒருவர் வினவலாம். அங்கே ஒளியே குறுக்கே வேலியிடுகிறது. ஒளி அலைத்தன்மை உடையது. லென்ஸின் துளை வழியே புகும்போது அது சற்றே விரிகிறது. எனவே, குற்றமேயில்லாத லென்ஸ்கூட ஒரு விண்மீனைப் புள்ளியாகக் காட்டாது; சிறு வட்டாகவே காட்டும். இவ்வட்டின் கணக்கை ஜார்ஜ் ஏரி என்னும் வானியலறிஞர் 1835-இல் வகுத்தார். துளை சிறுத்தால் வட்டு பெருக்கும்.

பெரிய காமிராவில் துளையை எஃப்/16 அளவுக்குச் சுருக்கினால் வட்டின் குறுக்களவு ஏறக்குறைய 21 மைக்ரான். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள 24 மெகாபிக்ஸல் சென்சாரில் ஒரு படப்புள்ளியின் அளவோ 6 மைக்ரான்தான். ஆகவே, ‘துளையைச் சுருக்கச் சுருக்கக் கூர்மை கூடும்’ என்பது ஓரளவுக்கே உண்மை. கைப்பேசியில் எஃப்/1.8 துளையின் வட்டு 2.4 மைக்ரான், இருநூறு மெகாபிக்ஸல் சென்சார்களிலோ படப்புள்ளி 0.6 மைக்ரான் அளவே. ஒரு வட்டின் குறுக்கே நான்கு படப்புள்ளிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஆதலால்தான் இத்தகைய கைப்பேசிகள் பொதுவாகப் பதினாறு படப்புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, பன்னிரண்டு மெகாபிக்ஸல் அளவிலேயே படத்தைக் கொடுக்கின்றன. விளம்பரத்தில் இருநூறு, பெட்டியில் பன்னிரண்டு!

கூர்மையும் உண்மையும்

நிற்க. கூர்மையாகத் தெரிவதெல்லாம் உண்மையாகுமா என்பதையும் ஆராய வேண்டும். 2013-இல் டேவிட் கிரீசல் என்னும் ஜெர்மானியக் கணினியறிஞர் ஒரு குறையை வெளிப்படுத்தினார். பெயர்பெற்ற நகல் இயந்திரங்கள் சில, கோப்பின் அளவைச் சுருக்கும்போது, ஒத்த தோற்றமுள்ள எழுத்துகளை ஒன்றென எண்ணி மாற்றிவைத்தன. மூலத்தில் 6 இருந்த இடத்தில் நகலில் 8 வந்தது. கலங்கிய எட்டு அன்று. கூர்மையான, ஐயத்துக்கு இடமே தராத எட்டு! கலங்கிய எழுத்து ‘என்னை நம்பாதே’ என்று தானே சொல்லிவிடுகிறது. கூர்மையான பொய்யோ சொல்வதில்லை. இன்றைய கைப்பேசிகளும் படத்தைத் தாமே திருத்தி, மழித்து, மெருகேற்றித் தருகின்றன. மங்கிய எழுத்தைப் பொறுத்தவரை இம்மெருகு ஆபத்தானது.

வீட்டுப் பெட்டியைத் திறவுங்கள்

இவ்வளவு கணக்கும் எதற்கு? நம்மில் பலருடைய வீடுகளில் தகரப் பெட்டியிலோ நெகிழிப் பையிலோ சில தாள்கள் இருக்கின்றன. ரேஷன் அட்டை, மின்கட்டண இரசீது, திருநெல்வேலிப் பக்கத்து நிலப்பத்திரம், 1976-ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கெடுப்பையொட்டி வழங்கப்பட்ட போட்டோ பாஸ்... தாராவியில் வாழ்வோர்க்கு இவை வெறும் பழந்தாள்கள் அல்ல. மறுசீரமைப்புத் திட்டத்தின் விதிப்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போர்க்கே தாராவிக்குள் விலையில்லா வீடு. ஓர் இரசீதிலுள்ள தேதி 1999-ஆ, 2000-ஆ என்பது ஒரு குடும்பம் இருக்கும் இடத்தையே மாற்றவல்லது.

தாள் என்றும் நிலையன்று. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆற்றின் கரைகளில் வீடு வீடாக நீர் புகுந்தது. நனைந்து கூழான தாளை எந்த லென்ஸாலும் மீட்க முடியாது. படம் மூலத்துக்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆயினும் எண்ணும் தேதியும் தெளிவாகத் தெரியும் ஒரு படம் இருந்தால், மாற்றுப்படி கேட்டு அலுவலகத்துக்குச் செல்பவர் வெறுங்கையோடு செல்ல வேண்டியதில்லை.

ஆதலின், மாணவத் தோழர்களே, கையிலிருக்கும் பன்னிரண்டு மெகாபிக்ஸல் கைப்பேசியைக் கொண்டே அவ்வேலையை முடிக்கலாம். செய்ய வேண்டியவை இவை:

1. பகலில், சன்னலோரத்தில், நேர்வெயில் படாத இடத்தில் தாளைத் தட்டையாக விரிக்க. மங்கிய முத்திரையும் அழுத்தமும் தெரிய, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்ந்து விழட்டும்.

2. கைப்பேசி தாளுக்கு இணையாக இருக்கட்டும். நான்கைந்து புத்தகங்களை இருபுறமும் அடுக்கி அவற்றின் மேல் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் அடங்கும். இரண்டு விநாடி தாமதித்து எடுக்கும் வசதியைப் பயன்படுத்துக.

3. லென்ஸின் மேலுள்ள விரல்ரேகையைத் துணியால் துடைக்க. பல ஆயிரம் ரூபாய் வேறுபாட்டை இத்துணி ஈடுசெய்யும்.

4. பெரிய தாளையும் பொடியெழுத்துத் தாளையும் டிரைப் காட்டிய வழியில் பகுதி பகுதியாக எடுக்க. ஒவ்வொரு பகுதியும் அடுத்ததன்மேல் சிறிது படிய வேண்டும்.

5. அழகூட்டும் வசதிகளையும் கறுப்பு வெள்ளையாக வெளுக்கும் வசதிகளையும் மூலப்படத்தில் கையாளாதீர்கள்.

6. வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், நீளப்பக்கம் ஏறக்குறைய 1600 படப்புள்ளியாகச் சுருங்கிவிடும். அப்போது ஒரு மில்லிமீட்டருக்கு ஐந்தே படப்புள்ளி. நம் புள்ளி மறைந்தது! கோப்பாக அனுப்பினால் சுருங்காது. இரண்டு வேறு இடங்களில் சேமித்து வைக்க.

7. எடுத்தவுடன் படத்தைப் பெருக்கிப் பார்க்க. தமிழ் எழுத்தின் புள்ளி தெரிகிறதா? 3-உம் 8-உம், 1-உம் 7-உம் பிரிந்து நிற்கின்றனவா? தாளையும் படத்தையும் பக்கத்தில் வைத்து எண்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்து ஒப்பிடுக. தெரிந்தால் அதுவே போதிய கூர்மை.

அழகிய படத்துக்காக நல்ல லென்ஸ் வாங்க விரும்புவோர் தாராளமாக வாங்கட்டும். அஃது அவரவர் விருப்பம். ஆனால் வீட்டுத் தாள்களைப் படியெடுப்பதற்குப் புதிய காமிரா வரட்டும் என்று எவரும் காத்திருக்க வேண்டா. மழைக்காலம் நம் வசதி பார்த்து வருவதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சம் நன்றாக இருந்தால், பாட்டியிடம் சாவியைக் கேட்டுப் பெட்டியைத் திறவுங்கள்.